வடிகட்டிய நீலம்

ஓரகத்தியை அந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். வேறு யாராவது செய்த வேலையாக இருந்தால் அவர்களைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். "கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிருக்கு சார், வந்திருக்கற பொண்ணும் கெமிஸ்ட்ரிதான், வீட்ல சும்மாதான் இருக்கா" என்று தன் வாயாலேயே பேராசிரியரிடம் சொல்லிவைத்தவள் யாரைத் திட்டுவாள்?

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். கீழ்த்தளத்தில் மூத்தவளும் அவள் கணவனும் மாமியாரும். மாடியில் இளையவளும் கொழுந்தனும். சமையலறை ஒன்றுதான். காலையில் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒரே கட்டடத்துக்குள் போவார்கள். உள்ளே நுழைந்ததும் மூத்தவள் இடப்பக்கம் திரும்புவாள், இளையவள் வலப்பக்கம்.

அந்த ஆய்வகத்தில் எல்லாருக்கும் பிழைப்பு இரும்பை வைத்துத்தான். விலையுயர்ந்த உலோகங்கள் செய்கிற வேலையை மலிவான இரும்பைக் கொண்டே செய்ய வைத்துவிடலாம் என்பது பேராசிரியரின் வாழ்நாள் பிடிவாதம். இடப்பக்கத்து அறையில் மருந்துத் தயாரிப்புக்கான வினையூக்கிகளைத் தேடினார்கள். அதாவது, தான் செலவாகாமல் மற்றப் பொருள்களின் வேலையை விரைவுபடுத்துகிற இரும்புச் சேர்மங்கள். வலப்பக்கத்து அறையில் அதே மாதிரிச் சேர்மங்களைக் கொண்டு ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய வழி தேடினார்கள்.

மூத்தவளுடைய பொருள் மஞ்சள் படிகம். வேலை செய்யும்போது பார்க்க அத்தனை அழகாக இருக்கும். ஆனால் காற்று பட்டால் போச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, துருவாகி, குப்பையாகிவிடும். அதனால் காற்றே இல்லாத கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள், அதோடு பொருத்தியிருக்கும் தடித்த ரப்பர் கையுறைகளில் கைகளை நுழைத்து, நின்றபடியேதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். மூக்கு அரித்தால் சொறியக்கூட வழியில்லை. பத்து வருடத்துக்கு மேல் அப்படி நின்று அவளுக்கு ஒரு பக்கத் தோள் சற்று இறங்கியே போயிருந்தது. கட்டுரைகள் வந்தன, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த மருந்து ஆலையும் அவள் படிகத்தை வாங்கி வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

இளையவளுக்கோ பெட்டியும் இல்லை, கையுறையும் இல்லை. குழாய்த் தண்ணீர், பிளாஸ்டிக் குவளை, ஜன்னலோரத்து வெயில். எடை போடும் தட்டைத் துடைக்க மாட்டாள். கரண்டியைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவாள். வேலை செய்துகொண்டே வாய் ஓயாமல் பேசுவாள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் குவளையிடமே பேசுவாள். இவள் எங்கே தேறப்போகிறாள் என்று மூத்தவள் நினைத்ததுண்டு. நினைத்ததில் ஒரு சுகமும் இருந்தது.

ஆனால் இளையவள் தேறிவிட்டாள். கரித்தூளோடு இரும்பு உப்பையும் யூரியாவையும் கலந்து, காற்றுப் படாமல் உலையில் சுட்டு, ஒரு கறுப்புத் தூள் செய்தாள். அதற்குக் 'கரிமூஞ்சி' என்று பெயரும் வைத்தாள். சாயப்பட்டறையிலிருந்து வருகிற நீலத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரிமூஞ்சியைப் போட்டு, கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வெயிலில் வைத்தால் நீலம் வெளுத்துக்கொண்டே போய்க் கடைசியில் காணாமலே போகும். சாயம் தூளில் ஒட்டிக்கொள்வதில்லை, நிஜமாகவே உடைந்து அழிந்துவிடுகிறது என்பதையும் அளந்து காட்டிவிட்டாள். தூளை வடித்தெடுத்து மறுபடி போட்டால் மறுபடியும் வேலை செய்தது.

மூத்தவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரித்தூளில் இரும்பை ஏற்றிச் சாயத் தண்ணீரை வெளுக்க வைக்கிற வேலையை முதலில் தொட்டவள் அவள்தான். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே அதைப் பற்றியதுதான். அப்போதும் நீலம் வெளுக்கத்தான் செய்தது. ஆனால் கரியில் ஏற்றிய இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து இறங்கிவிட்டது. வேலை செய்ததெல்லாம் அந்தக் கரைந்த இரும்புதான். அப்படிப்பட்ட தூள் நாலைந்து முறைக்கு மேல் தாங்காது. கரைந்த இரும்பும் பிறகு செந்நிறச் சேறாகப் படிந்து தொட்டியை அடைத்துக்கொள்ளும். அதனால் அதைக் கைகழுவிவிட்டு மஞ்சள் படிகத்துக்குப் போனாள். அவள் தூக்கிப் போட்டதை இளையவள் எடுத்து, யூரியாவைச் சேர்த்து, பெயர் வேறு வைத்துவிட்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கொழுந்தன் இரண்டு சீசாக்களைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்றில் நீலம், இன்னொன்றில் தெளிந்த தண்ணீர். அவன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், எதையும் விளக்கிச் சொல்லாமல் விட மாட்டான். மாமியார் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"இது அதுவா?"

"இது அதேதான்மா. இவதான் பண்ணினா."

"பெரியவளும்தான் இத்தனை வருஷமா போய்ட்டு வரா. ஒரு நாளாவது இந்த மாதிரி எதையாவது கண்ணுல காட்டியிருப்பாளா?" மாமியாருக்கு மனதில் விஷமம் இல்லை. தோன்றியதைச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான்.

"என்னோடத வெளிய எடுக்க முடியாது அத்தை. காத்து பட்டா கெட்டுடும்" என்றாள் மூத்தவள்.

"அப்படிப் பொத்திப் பொத்தி வச்சு யாருக்கு லாபம்?"

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். யார் கண் எதைப் பார்க்கிறது என்று தெரிந்தவன். மனைவியை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினான்.

அதற்குப் பிறகு பேச்செல்லாம் கரிமூஞ்சியைப் பற்றியதாகவே ஆகிப்போனது. நகரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒரு பெரிய தொட்டியை ஒதுக்கியிருந்தது. அது தங்களுக்குக் கிடைத்தால் தன் பிடிவாதம் ஜெயித்த மாதிரி என்று பேராசிரியர் நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். இளையவள் எழுதிய அறிக்கையை மூத்தவளின் மேஜையில் வைத்தார்.

"நீ ஒரு தடவை பாத்துடும்மா. நீ பாத்துட்டா நான் பாத்த மாதிரி."

இளையவளும் பின்னாலேயே வந்து நின்றாள். "அக்கா, ஓட்டை ஒடிசல் எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. அங்க போய் முழிக்கறதவிட உங்ககிட்ட திட்டு வாங்கறது மேல்."

மூத்தவள் அறிக்கையை வாசித்தாள். ஓட்டை முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. வேலை பாதியில் நடந்துகொண்டிருக்கும்போது தூளை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் தண்ணீர் வெளுத்துக்கொண்டே போனால் உள்ளே இரும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். வெளுப்பது அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் வேலை செய்வது தூள்தான். சின்னச் சோதனை. அது மட்டும் அறிக்கையில் இல்லை.

அவள் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையிலேயே கரைந்துபோனது இவள் கையில் மட்டும் நின்றுவிடுமா? கரைந்துதான் இருக்கும். சொன்னால் இளையவள் இப்போதே செய்து பார்ப்பாள், கரையும், நாலு சுவருக்குள் ஒரு மூச்சு அழுவாள், எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள். சொல்லாவிட்டால்? வெளியாட்கள் முன்னால் கரையும்.

சாயங்காலம் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நெஜமாவா அக்கா?"

"அங்கங்க எழுத்துப்பிழை. திருத்தியிருக்கேன்."

இளையவள் அறிக்கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பேருந்தில் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். மூத்தவள் ஜன்னல் வழியாகக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

சொல்லாமல் இருந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விட முடியவில்லை. கரைகிறதா என்று தன் கண்ணால் பார்த்தால்தான் மனசு அடங்கும் போலிருந்தது. பேராசிரியரும் இளையவளும் சாயப்பட்டறைக்குக் கழிவுநீர் பிடித்துவரப் போயிருந்த ஒரு பகலில் மூத்தவள் வலப்பக்கத்து அறைக்குள் போனாள். கரிமூஞ்சி வைத்திருந்த ஜாடியைத் திறந்து வேண்டிய அளவு எடுத்தாள். தட்டு வழக்கம்போலத் துடைக்காமல் கிடந்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் எடை போட்டாள்.

குவளையில் நீலம் சுழன்றது. பெராக்சைடை ஊற்றினாள். வெளுக்க ஆரம்பித்தது. பாதி நிறம் போன சமயத்தில் ஊசிக்குழாயில் உறிஞ்சி, நுண்வடிகட்டி வழியாக இன்னொரு குவளைக்குள் பீய்ச்சினாள். தூள் துளியும் இல்லாத, வெளிறிய நீலத் தண்ணீர். இரண்டு குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தூள் இருந்த குவளை வெளுத்துத் தெளிந்துவிட்டது. வடிகட்டிய குவளை அப்படியே இருந்தது.

நிறத்தை அளக்கிற அளவுமானியில் வைத்துப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பார்த்தாள். அசையவில்லை.

சரி, இது சாதாரணத் தண்ணீர். அமிலம் சேர்த்தால்? இரும்பு கரைவதற்கு அதைவிட வசதி கிடையாது. அமிலம் சேர்த்து முதலிலிருந்து செய்தாள். வடிகட்டினாள். நீலம் நின்றுவிட்டது. சுடவைத்துச் செய்தாள். அதிலும் நின்றுவிட்டது. வடிகட்டிய தண்ணீரில் மிச்சமிருந்த பெராக்சைடைக் காய்ச்சிப் போக்கிவிட்டு, இரும்பு இருந்தால் ரத்தச் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கிற திரவத்தை விட்டாள். கூச்சப்பட்ட கன்னம் போல மிக லேசாக ஒரு இளஞ்சிவப்பு தோன்றியது. அமிலத்தில் அவ்வளவுகூட இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவளுடைய பழைய தூளாக இருந்திருந்தால் குவளையே சிவந்திருக்கும்.

யூரியாவில் இருந்த நைட்ரஜன் கரிக்குள் நுழைந்து உட்கார்ந்து, இரும்பை ஒவ்வொரு அணுவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இளையவளுடைய தூளைக் கெடுக்க அந்தப் பகல் முழுக்க அவள் தன் திறமையை எல்லாம் காட்டியிருந்தாள். தூள் கெடவில்லை. உலகத்தில் வேறு யாரும் அதை அவ்வளவு கடுமையாகச் சோதித்திருக்க மாட்டார்கள். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்குச் செய்தவளுக்கே தெரியாது.

பொய்யாக இருந்திருந்தால் பாவம் என்று பரிதாபப்பட்டிருப்பாள். பெரிய மனசோடு தோளில் தட்டிக்கூடக் கொடுத்திருப்பாள். உண்மையாகப் போய்விட்டதே என்றுதான் தாங்கவில்லை. குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கழிவைக் கழிவுக் கேனில் ஊற்றிவிட்டு, இடப்பக்கத்து அறைக்குப் போய்த் தன் பெட்டியின் கையுறைகளுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டாள். செய்வதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. இளையவள் திரும்பி வரும் வரை அப்படியே நின்றாள்.

தொட்டி யாருக்கு என்று முடிவு செய்கிற கூட்டம் அவர்கள் கட்டடத்திலேயே நடந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் தலைமைப் பொறியாளர் வந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி, சேறு உலராத காலணி. இளையவள் நன்றாகப் பேசினாள். குவளையில் செய்தும் காட்டினாள். நீலம் வெளுத்தபோது பின்வரிசையில் யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

பொறியாளர் கைதட்டவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். வேலை செய்யறது தூளா, இல்ல தூள்லேர்ந்து கரைஞ்ச இரும்பா? இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் இப்படித்தான் வந்தாங்க. தொட்டி நெறைய செம்மண் மாதிரி சேறு. அள்ளிப் போட ஆள் கெடைக்கல."

இளையவள் வாயைத் திறந்தாள். மூடிவிட்டு அறிக்கையைப் புரட்டினாள். பேராசிரியர் திரும்பி மூத்தவளைப் பார்த்தார்.

"நீதானேம்மா பாத்த. வடிகட்டிப் பாத்திருக்காளா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். பார்த்தாகிவிட்டது, கரையாது, அமிலத்தில்கூட நிற்கிறது என்று சொன்னால் தொட்டி அந்த நிமிடமே இளையவளுக்கு.

"அறிக்கையில அந்தச் சோதனை இல்ல சார்."

அது பொய் இல்லை. சொல்லும்போதே அவளுக்கு அது தெரிந்தது. வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால்கூட அதைவிட நேர்மையாக இருந்திருக்கும் என்றும் தெரிந்தது.

பொறியாளர் கோப்பை மூடினார். "அப்ப அடுத்த வருஷம் பாக்கலாம். அதைச் செஞ்சுட்டு வாங்க." குரலில் கண்டிப்பு இல்லை. அதனாலேயே அதற்கு மேல் கெஞ்சவும் முடியாமல் போயிற்று.

இளையவள் அன்று சாப்பிடக் கீழே வரவில்லை. கொழுந்தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தான். மாமியார், "எல்லார் கண்ணும் பட்டுடுச்சு" என்றாள். மூத்தவளின் கணவன் மட்டும் படுக்கப்போகும் முன் கேட்டான்.

"நீதான பாத்துக் குடுத்த? அது உனக்குத் தெரியாமலா போச்சு?"

"மனுஷங்க பாக்கறதுதான. விட்டுப்போச்சு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்கு மூத்தவள் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் இளையவள் பேருந்தில் பேசவே இல்லை. கட்டடத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பப்போன மூத்தவளின் முழங்கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் கூட வாங்க அக்கா. அந்தச் சோதனையை இப்பவே பண்ணிடப் போறேன். தனியா பாக்க பயமா இருக்கு."

மூத்தவளால் மறுக்க முடியவில்லை. வலப்பக்கத்து அறையில் சுவரோரமாக நின்றாள். இளையவள் அன்று தட்டைத் துடைத்தாள். கரண்டியைக் கழுவினாள். பெராக்சைடு கொஞ்சம் மேஜையில் சிந்தியது. நீலம் பாதி வெளுத்ததும் உறிஞ்சி, வடிகட்டி, பக்கத்துக் குவளையில் பீய்ச்சினாள். பிறகு மேஜைக் கடிகாரத்தில் நேரம் வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வடிகட்டிய நீலத்தையே பார்த்தபடி பேசினாள்.

"இந்தச் சோதனை வேணும்னு எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா. மறந்துட்டேன்னு நெனச்சுடாதீங்க. பயந்துதான் பண்ணல."

மூத்தவள் மேஜையில் சிந்தியிருந்ததைத் துடைத்தாள்.

"உங்க தீசிஸ படிச்சுட்டுதான இதையே ஆரம்பிச்சேன். உங்க கையிலயே கரைஞ்சிடுச்சு. எனக்கு மட்டும் நிக்கவா போகுதுன்னு ஒரு பயம். தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்பறம் நீங்க படிச்சுட்டு எல்லாம் சரின்னு சொன்னீங்களா, அக்காவே ஒண்ணும் சொல்லல, அப்ப வேண்டியதில்ல போலன்னு..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதை நம்பித்தான் அக்கா போனேன். அங்க அந்தம்மா கேட்டப்ப எனக்குத் தலை சுத்திடுச்சு."

"கரையாது" என்றாள் மூத்தவள்.

"என்ன?"

"கரையாது. நின்னுடும். பயப்படாத."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்ல. நான் செஞ்சு பாத்தேன்."

இளையவள் மெதுவாகத் திரும்பினாள். "எப்ப?"

சமாளிக்க ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. மூத்தவளுக்குச் சலித்துப்போயிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் சாயப்பட்டறைக்குப் போனீங்களே, அன்னிக்கு. அமிலத்துல செஞ்சேன். சுடவச்சும் செஞ்சேன். எல்லாத்துலயும் நின்னுடுச்சு."

இளையவள் மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. சாயப்பட்டறை முன்னால், கூட்டம் பின்னால். கடிகாரம் மணியடித்தது. இருவரும் குவளையைப் பார்த்தார்கள். வடிகட்டிய நீலம் விட்ட இடத்திலேயே இருந்தது. இளையவள் எழுந்து அதை அளவுமானியில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். வருடக்கணக்காகச் செய்த வேலை ஜெயித்துவிட்ட அந்த நொடியில் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அங்க உக்காந்திருந்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் அக்கா?"

"பொறுக்கல."

அதைவிடப் பெரிய விளக்கம் அவளிடம் இல்லை. இளையவள் குவளையை எடுத்து மேஜையில் வைத்தாள். கோபத்தில் கத்துவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"இது நின்னதப் பாத்தா நான் எப்படிக் குதிச்சிருப்பேன் தெரியுமா?" என்றாள். "அந்த சந்தோஷத்தக்கூட எனக்கு முன்னாடி நீங்க போய் எடுத்துக்கிட்டீங்க. எடுத்தும் உங்களுக்கு அது சந்தோஷமா இல்ல."

மூத்தவள் அங்கிருந்து நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள். யார் சொல்லியும் போகவில்லை. நின்றுகொண்டிருக்க முடியாததால் போனாள். செய்ததை, செய்த நாளை, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மேஜையில் கிடந்த காகிதக் கிளிப் ஒன்றை நேராக்கிக்கொண்டே கேட்டார். அது முழுக்க நேரான பிறகு தொலைபேசியை எடுத்தார். பொறியாளரிடம் பேசும்போது அவர் மூத்தவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. சோதனை முன்பே முடிந்திருந்தது, அறிக்கையில் சேர்க்க விட்டுப்போய்விட்டது என்றார். அமிலத்தில்கூடச் செய்திருக்கிறார்கள் என்றதும் மறுமுனையில் கேள்விகள் நீண்டன. தொட்டியை வேறு யாருக்கும் இன்னும் உறுதி செய்திருக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு, "உன்ன என்ன சொல்றதுன்னே தெரியலம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் யாருடைய அறிக்கையையும் பார்த்துக்கொடுக்கச் சொல்லி அவளிடம் கொண்டுவந்து வைக்கவில்லை.

தொட்டி இளையவளுக்குக் கிடைத்தது. அந்த வாரமே மாடிக்கு ஓர் அடுப்பும் வந்து சேர்ந்தது. "கீழ மேல ஏறி எறங்க முடியல அத்தை" என்று இளையவள் காரணம் சொன்னாள். தொட்டி கிடைத்த நேரத்தில் வீடு இரண்டாவானேன் என்று மாமியாருக்குப் புரியவில்லை. இவளைக் கேட்டாள், அவளைக் கேட்டாள், மகன்களைக் கேட்டாள். மூத்தவள் சொல்லவில்லை. இளையவளும் சொல்லவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை என்பது கொழுந்தன் மூத்தவளிடம் வழக்கம்போல வந்து கணக்கு வாத்தியார் ஜோக்கு அடித்துவிட்டுப் போவதிலிருந்து தெரிந்தது.

அதுதான் மூத்தவளை இன்னும் குடைந்தது. இளையவள் ஊரைக் கூட்டி நாறடித்திருந்தால் கோபப்படவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். தூளும் அவளுடையது, தொட்டியும் அவளுடையது, இப்போது இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மனுஷிக்கு இத்தனையும் வேண்டுமா என்று பாத்திரம் தேய்க்கும்போது மூத்தவள் நினைத்துக்கொள்வாள். நினைத்ததற்காக வெட்கப்படுவாள். மறுபடியும் நினைப்பாள்.

வெயில் காலம் தொடங்கியபோது ஆய்வகத்தில் எல்லாரும் தொட்டியைப் பார்க்கப் போனார்கள். மூத்தவளும் போனாள், போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். நகரத்தின் ஓரத்தில், கம்பி வேலிக்குப் பின்னால், நீச்சல் குளம் அளவுக்கு அகலமான திறந்த தொட்டி. ஒரு பக்கம் குழாயிலிருந்து குபுகுபுவென்று நீலம் இறங்கியது. மறுபக்கம் வழிந்த தண்ணீரில் அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. வந்தவர்கள் அந்தப் பக்கமாகவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இளையவள் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு குழாய்ப் பக்கம் நின்று தொழிலாளி ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். தண்ணீரின் மேல் நுரை திரண்டிருந்தது. பட்டறையில் அன்றைக்குச் சோப்புத் தண்ணீரையும் சேர்த்து விட்டிருந்தார்கள். நுரையோடு கரிமூஞ்சியும் மேலே ஏறி, காற்றில் கறுப்புப் பஞ்சாகப் பறந்து கரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் தொட்டிக்குள் தூளே மிஞ்சாது.

மூத்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கணம் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சியை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. அது அடங்குவதற்குள் நடந்து போய்விட்டாள்.

"மேலேர்ந்து தண்ணியத் தெளிச்சு நுரைய அமுக்கு. ஊத்தாத, மழை மாதிரி தெளி. அப்பறம் தூளை அப்படியே போடாம களிமண்ணோட சேத்து உருண்டையாச் சுட்டா மெதக்காது."

இளையவள் அவளைப் பார்த்தாள். வீட்டில் அடுப்பு பிரிந்த பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசுவது இதுதான் முதல் தடவை. "களிமண் இரும்பைக் கரைச்சுடாதா?"

"கரைக்காது. சந்தேகமா இருந்தா வடிகட்டிப் பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இளையவளின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று முடிவு செய்வதற்குள் அடங்கிவிட்டது. தொழிலாளியிடமிருந்து தண்ணீர்க் குழாயை வாங்கி ஒரு முனையை மூத்தவளிடம் நீட்டினாள்.

"எனக்கு இப்பவும் உன்மேல பொறாமைதான்" என்றாள் மூத்தவள், குழாயை வாங்கிக்கொண்டே.

"தெரியும் அக்கா. கொஞ்சம் உசத்திப் பிடிங்க."

இருவரும் கரையோரமாக நடந்து தெளித்தார்கள். நுரை அமுங்கியது, தூள் மெல்ல உள்ளே இறங்கியது. இருவர் கைகளும் முழங்கை வரை கறுப்பாகிவிட்டன. பேராசிரியர் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டே வரவில்லை.

அந்த வருடம் களிமண் உருண்டைகள் நன்றாகவே வந்தன. அதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. இளையவள் பெயர் முதலில், மூத்தவள் பெயர் இரண்டாவதாக. அச்சில் வந்ததும் மூத்தவள் முதலில் பார்த்தது அந்த வரிசையைத்தான். பேருந்தில் இருவரும் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். உருண்டை, அமிலம், சேறு, பட்டறைக்காரர்களின் திருட்டுத்தனம் எல்லாம் பேசுகிறார்கள். வேறு எதுவும் பேசுவதில்லை. மாடியில் அடுப்பு இன்னும் எரிகிறது.